எள்ளும் கொள்ளும் ஒரு ராத்தல் அரிசியும்

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்கிறது நம் பழமொழி. எள்ளின் எடையில் பாதிக்கு நெருக்கமான பங்கு கொழுப்பு. கொள்ளின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்ற மூன்று சொற்களும் பாடப்புத்தகத்தில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே, உடல் எடைக்கும் உணவின் சேர்மானத்துக்கும் இருக்கும் உறவை யாரோ ஒரு பாட்டி எதுகையில் கட்டி வைத்துவிட்டாள் என்று மகிழலாம். ஆனால் அந்தப் பழமொழி ஒன்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. சோற்றைப் பற்றி. இளைத்தவனும் கொழுத்தவனும் அன்றாடம் உண்ணும் தானியம் ஒருபுறம் இருக்கவே இருக்கிறது, அதனோடு எதைச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி என்று அது எடுத்துக்கொள்கிறது. எடையைக் குறைக்க விரும்பி இன்று மருத்துவரிடமோ உடற்பயிற்சிக் கூடத்துக்கோ போகும் மதுரைக்காரரிடம் முதலில் சொல்லப்படுவது 'சோற்றைக் குறையுங்கள்' என்பதே. பழமொழி பேசாமல் விட்ட இடத்தில்தான் இன்றைய சிக்கல் இருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு வரலாறும் உண்டு.

மதுரையின் உணவைப் பேசப் புகுந்தால் மதுரைக்காஞ்சியில் தொடங்குவது வழக்கம். மாங்குடி மருதனார் காட்டும் நாளங்காடியும் அல்லங்காடியும் பண்டங்களால் நிறைந்தவை. இரவுக் கடைகளில் அடையும் மோதகமும் விற்கிறார்கள். இன்றைய மதுரையின் நள்ளிரவு உணவுக் கடைகளுக்கு ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியம் சொல்லிப் பெருமைப்பட அது போதும். புறநானூற்றின் 335ஆம் பாட்டு வேறொரு இலையை விரிக்கிறது. அதைப் பாடியவர் மாங்குடி கிழார். மருதனாரும் இவரும் ஒருவரே என்று கருதுவோர் உண்டு. வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கைத் தவிர இங்கே உணவென்று வேறில்லை என்கிறது அந்தப் பாட்டு. ஒருவரே பாடியிருந்தால் அவர் நகரத்தின் இலையையும் வானம் பார்த்த நிலத்தின் இலையையும் அறிந்தவர். நாம் கவனிக்க விரும்புவது அந்த நான்கின் கணக்கை. இரண்டு தானியம், இரண்டு பயறு. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயற்றுப் புரதத்தில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. புலவர் சொல்ல வந்தது சத்துணவு அல்ல, ஒரு நிலத்தின் வாழ்வு. ஆனாலும் அந்த வறண்ட நிலத்தின் இலையில் தானியமும் பயறும் சமமாக அமர்ந்திருக்கின்றன.

*

மேலே சொன்ன மூன்று சத்துகளாக உணவைப் பிரித்துப் பார்க்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், லீபிக் போன்ற வேதியியலாளர்களின் காலத்தில் உருவாயிற்று. அது மக்களின் இலைக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பார்க்க 1863 என்ற ஆண்டு வசதியானது. அவ்வாண்டு லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் 'உடற்பருமன் பற்றிய கடிதம்' என்ற சிறுநூலை வெளியிட்டார். இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்வது அவர் தொழில். மருத்துவர் ஒருவரின் யோசனைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விலக்கி, ஓராண்டுக்குள் 202 ராத்தலிலிருந்து 156 ராத்தலுக்கு இறங்கிய கதையை அதில் சொன்னார். மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைக்கும் உணவுமுறைகள் எல்லாவற்றுக்கும் முன்னோடி என்று அந்த நூலைச் சொல்லலாம்.

அதே 1863இல் சென்னையில் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற மருத்துவர், இம்மாகாணத்து மக்களின் உணவு பற்றியும் ஜில்லாச் சிறைகளில் கைதிகளுக்குத் தரப்படும் படி பற்றியும் அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். லண்டனில் கேள்வி 'எதைக் கழித்தால் உடல் இளைக்கும்' என்பது. சென்னையில் கேள்வி 'எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும்' என்பது. இரண்டுக்கும் அடிப்படை அறிவியல் ஒன்றே. அதைக் கேட்க நேர்ந்த வயிறுகள்தாம் வேறு.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தாது வருஷம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பல லட்சம் உயிர்களை இழந்தது. மதுரைச் சீமையும் தப்பவில்லை. சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' என்ற நூலை இந்தப் பஞ்சத்தை வைத்துத்தான் எழுதினார். பசியோடு வந்து முறையிடும் மக்களுக்கு உதவ வழியில்லாமல், மதுரைச் சுந்தரேசரே சிவகங்கை ஜமீன்தார் துரைசிங்கருக்குத் திருமுகம் கொடுத்து அனுப்புகிறார் என்பது அதன் கற்பனை. பாணபத்திரனைச் சேரனிடம் அனுப்பிய பழைய திருவிளையாடலை நினைவில் வைத்துப் படித்தால் அந்த அங்கதத்தின் கசப்பு விளங்கும்.

ஆண்டவன் திருமுகம் எழுதிக்கொண்டிருந்தது கற்பனையில். அரசாங்கம் மெய்யாகவே எழுதிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரியில் பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த வைஸ்ராயின் பிரதிநிதியாகச் சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அரை அணாவும் என்று அவர் கூலியை இறக்கினார். 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் பெயர்பெற்றுவிட்ட கூலி அது. அப்போது மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் அதை எதிர்த்தார். வெறும் தானியத்தால் உழைக்கும் உடலைத் தாங்க முடியாது, பருப்பும் பிறவும் வேண்டும், அரிசியில் புரதம் மிகக் குறைவு, உடல் உள்ளுக்குள் தேய்வது வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும் என்பது அவர் வாதம். டெம்பிள் மார்ச் 7, 14 ஆகிய தேதிகளில் எழுதிய குறிப்புகளுக்குப் பதிலாக ஒரு தனி வெளியீட்டையே கார்னிஷ் அச்சிட்டார். அதே ஆண்டின் நடுப்பகுதியில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் இடையிலான விகிதம் இந்த மண்ணில் முதன்முதலாக அரசியல் வழக்கானது அந்த மாதங்களில்தான் என்று சொல்லலாம்.

அந்த ஒரு ராத்தலை இன்றைய அட்டவணைகளை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ராத்தல் ஏறத்தாழ 453 கிராம். அவ்வளவு தீட்டிய அரிசியில் சுமார் 1,600 கலோரி இருக்கும். மாவுச்சத்து 350 கிராம் அளவுக்கு, புரதம் 35 கிராம் அளவுக்கு, கொழுப்பு இரண்டு அல்லது மூன்று கிராம். மொத்த ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. இந்த 1,600 என்ற எண் நமக்குப் புதிதல்ல. எடை குறைக்க வரும் நடுத்தர வயது அலுவலருக்கு உணவியல் வல்லுநர்கள் எழுதித் தரும் தாளில் பெரும்பாலும் இதையொட்டிய எண்தான் இருக்கிறது. ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருப்பவர், மற்றவர் கல் உடைத்தவர், மண் சுமந்தவர். எண் ஒன்றாக இருந்தும் ஒன்று சிகிச்சை, மற்றது பட்டினி. உழைப்பையும் உணவின் சேர்மானத்தையும் விட்டுவிட்டுக் கலோரியை மட்டும் பேசுவது எத்தனை ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

*

பஞ்சத்துக்குப் பின் நீர் வந்தது. மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பிய பென்னிகுயிக்கின் அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. கண்மாய்களையும் மழையையும் நம்பியிருந்த மதுரை, மேலூர்ப் பக்கத்து நிலங்கள் நெல்வயல்களாயின. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. வாய்க்கால் எட்டாத திருமங்கலம், பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் தொடர்ந்தன. நெல்லுச்சோறு என்பது அங்கே பண்டிகையின் பெயர். கரிசல் எழுத்தைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே மாவட்டத்துக்குள் வாய்க்காலின் இந்தக் கரை சோற்றையும் அந்தக் கரை கூழையும் உண்டது. சோறு சுவைக்காக மட்டும் விரும்பப்படவில்லை. அது மரியாதை. விருந்தாளிக்குக் கூழ் ஊற்றுவது எந்த வீட்டுக்கும் கௌரவமாக இருந்ததில்லை.

அரிசி ஆலைகள் பரவியபோது அந்த மரியாதை இன்னும் வெள்ளையாயிற்று. உமியோடு தவிடும் போயிற்று. தவிட்டோடு தயமின் என்ற பி1 வைட்டமினும் போயிற்று. நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசியின் உட்பக்கம் இறங்கித் தங்கிவிடும் என்பதால் புழுங்கலரிசி உண்டவர்கள் ஓரளவு பிழைத்தார்கள். குன்னூரில் 1918 முதல் பெரிபெரி முதலிய நோய்களை ஆராய்ந்த ராபர்ட் மெக்காரிசன் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனை புகழ்பெற்றது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவுகளை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து எடை பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு உண்ட எலிகள் சராசரியாக ஏறத்தாழ 235 கிராம். தீட்டிய அரிசியை மையமாகக் கொண்ட 'மதராஸி' உணவு உண்ட எலிகள் ஏறத்தாழ 155 கிராம். பட்டியலின் கடைசி இடம் நமக்கு.

இந்தச் சோதனையை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். வீர இனங்கள், பிற இனங்கள் என்று மக்களைப் பிரித்துப் பார்த்த ஆட்சிக்கு இந்த வரிசை மிகவும் பிடித்துப்போயிருக்கும். எலி மனிதனும் அல்ல. இருந்தாலும், தானியத்தின் தவிடும் பாலும் இலையிலிருந்து விலகும்போது உடல் என்ன ஆகிறது என்பதை அது காட்டியது. அன்று எடை குறைவது அவமானம். இன்று அதே எடைக் குறைவைப் பணம் கொடுத்துத் தேடுகிறோம்.

*

விடுதலைக்குப் பின் உலக அரங்கில் 'புரதப் பற்றாக்குறை' என்ற சொல் ஆட்சி செய்தது. ஏழை நாட்டுக் குழந்தைகளின் நோய்க்குப் புரதமே மருந்து என்று புரத மாவுகளுக்கும் பிஸ்கட்டுகளுக்கும் திட்டங்கள் போடப்பட்டன. சேலத்தில் பிறந்த சி. கோபாலன், ஹைதராபாத்தின் தேசிய உணவூட்டக் கழகத்தில் இருந்தபடி 1960களின் இறுதியில் இதை மறுத்தார். தானியமும் பயறும் கலந்த வழக்கமான உணவையே குழந்தைகள் வயிறு நிறைய உண்டால் புரதத் தேவையும் பெருமளவு நிறைவேறிவிடும், முதல் குறை கலோரிதான், அதாவது பசிதான் என்றார். அவர் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. வயிறு நிறையாதபோது உண்ட புரதத்தையும் உடல் விறகாக எரித்துவிடும்.

தமிழ்நாட்டு அரசியல் பசியைத்தான் முதலில் எதிர்கொண்டது. 1956இல் காமராஜரின் மதிய உணவு, 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2008இல் கிலோ ஒரு ரூபாய் அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் மதுரையிலேயே தொடங்கப்பட்டது. தாது வருஷத்தில் ஒரு ராத்தலுக்குக் கல் உடைத்தவர்களின் வாரிசுகளுக்கு அரிசி இலவசம். இதை எளிதாக எள்ளி நகையாடும் நகரத்துப் படித்தவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பசி போனது சிறிய செய்தியல்ல.

ஆனால் பசி போன இலையில் மிஞ்சியது என்ன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை. குழம்பும் கூட்டும் சோற்றை உள்ளே தள்ளும் துணைகளாயின. கரிசலும் வாய்க்காலும் இப்போது ஒரே வெள்ளை இலையில் சேர்ந்துவிட்டன. அதன் மேல் மைதாப் பரோட்டாவும் எண்ணெயும் சர்க்கரையும் ஏறின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவி நடத்திய நீரிழிவு ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியாயிற்று. இந்தியர் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்து, புரதம் வெறும் 12 விழுக்காடு அளவே என்றது அது. கோபாலன் காலத்துக் குறை கலோரி. இன்று கலோரி இருக்கிறது, விகிதம் இல்லை. இந்தப் புதிய வடிவத்தில் கார்னிஷின் வழக்கு மறு விசாரணைக்கு வந்திருக்கிறது.

நம் உடலும் இதில் ஒரு சாட்சி. புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் என்ற இரண்டு மருத்துவ அறிஞர்கள் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தை வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு, யுட்கினுக்கு 9.1. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருக்கக்கூடும். எனவே எடை குறைப்பதில் நமக்கு இரட்டைக் கவலை. எவ்வளவு குறைகிறது என்பதோடு எது குறைகிறது என்பதும் முக்கியம்.

*

இனி விகிதத்துக்கு வருவோம். எடை குறைவதற்கென்று ஒரு மந்திர விகிதம் உண்டா? இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. 2009இல் அமெரிக்காவில் 811 பேரை வைத்து நான்கு வேறு விகிதங்களை ஒப்பிட்டார்கள். 2018இல் 609 பேருக்குக் கொழுப்பு குறைந்த உணவையும் மாவுச்சத்து குறைந்த உணவையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் எடைக் குறைவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. உண்ணும் மொத்த ஆற்றல் குறைந்தால் எடை குறைகிறது. கடைப்பிடிக்க முடிந்த உணவே பலன் தருகிறது.

அப்படியானால் விகிதம் எதற்கு? குறையும் எடை கொழுப்பாக இருக்கவும் தசை தங்கவும் புரதம் வேண்டும், கூடவே உடலுழைப்பும். புரதம் நெடுநேரம் பசி தாங்கும். அதைச் செரிக்கவே அதன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகிவிடும். கொழுப்பு பகையல்ல, ஆனால் கனமானது. கிராமுக்கு 9 கலோரி. மற்ற இரண்டுக்கும் 4. இரண்டு கரண்டி எண்ணெய் கூடினால் நடந்த நடை வீணாகும். 1,600 கலோரியையே எடுத்துக்கொண்டால், மாவுச்சத்து 200 கிராம், புரதம் 80 கிராம், கொழுப்பு 53 கிராம் என்று பிரிக்கலாம். இது ஒரு எடுத்துக்காட்டு மட்டுமே. சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. டெம்பிளின் ராத்தலோடு இதை ஒப்பிட்டால் மாவுச்சத்து பாதிக்குச் சற்று மேலாக இறங்குகிறது, புரதம் இருமடங்குக்கு மேல் ஏறுகிறது.

சிறுதானியத்துக்குத் திரும்பினால் போதும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. கம்பிலும் கேழ்வரகிலும் தீட்டிய அரிசியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நார்ச்சத்து உண்டு. கம்பில் புரதமும் கூடுதல். ஆயினும் அவையும் பெரும்பகுதி மாவுச்சத்தே. அளவைக் குறைக்காமல் அரிசியின் இடத்தில் சிறுதானிய மாவையோ கோதுமை மாவையோ வைத்ததால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று மேற்சொன்ன 2025 ஆய்வு கூறுகிறது. மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கைப் பயறும் பாலும் போன்ற புரதத்துக்கு விட்டுக்கொடுத்த இடத்தில்தான் அபாயம் குறைந்து காணப்பட்டது. கூழ் நம்மைக் காப்பாற்றியதென்றால், அதனோடு இருந்த மோரும் துவையலும் பயறும் வயலில் கழித்த பகலும் சேர்ந்தே காப்பாற்றின.

தேசிய உணவூட்டக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவில் 250 கிராம் தானியத்துக்கு 85 கிராம் பயறு என்று சொல்கிறது. மூன்றுக்கு ஒன்று. மதுரையில் இதற்குப் புதிய பொருள் எதுவும் தேட வேண்டியதில்லை. கொள்ளுத் துவையல், தட்டாம்பயறு, சுண்டல், முட்டை, கண்மாய் அயிரை மீன், கீரை, மோர் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. அவை சோற்றுக்குத் துணையாக வந்த நிலை மாறி, சோறு அவற்றுக்குத் துணையாக வேண்டும். அவ்வளவே. சொல்வது எளிது. ரேஷன் கடையில் பல குடும்பங்களுக்கு மாதம் 12 முதல் 20 கிலோ வரை அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2007 முதல் நடக்கும் சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு ஒரு கிலோ, அதுவும் விலைக்கு. வழிகாட்டுதல் மூன்றுக்கு ஒன்று என்கிறது. கடை பன்னிரண்டுக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எடை குறைப்பதைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பேசுகிறவர்கள் இந்தத் தராசைப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் புரத மாவு வாங்க முடிந்தவருக்கு விகிதம் ஒரு தேர்வு. மற்றவருக்கு அது விலைப்பட்டியல்.

கார்னிஷ் 1877இல் கேட்டது அரிசியோடு கொஞ்சம் பருப்பு. மாங்குடி கிழாரின் வறண்ட நிலத்தில் தானியம் இரண்டு, பயறு இரண்டு. பழமொழிக்காரப் பாட்டி கொள்ளை எடுத்துக் கொழுத்தவன் கையில் கொடுத்தாள். அரிசி வந்து சேர்ந்த வீடுகளுக்கு இனிப் பயறும் அதே தாராளத்தோடு வந்து சேர வேண்டும்.